ரிச்சர்ட் கோப்டனின் பர்மாப் போர்ச் சிறுநூல்: கோட்டையூரிலிருந்து ஒரு வாசிப்பு

‘இந்தியாவில் போர்கள் எப்படி மூட்டப்படுகின்றன’ (1853) ஆங்கில அரசியலாளர் ரிச்சர்ட் கோப்டன் எழுதிய சிறுநூல். ‘பர்மியப் போரின் தோற்றம்’ என்பது இதன் துணைத்தலைப்பு. 1852இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய–பர்மியப் போர் எப்படித் தொடங்கியது என்பதை, பிரிட்டிஷ் அரசே தன் நாடாளுமன்றத்தின் முன் வைத்த கடிதங்களைக் கொண்டு இந்நூல் ஆராய்கிறது. படையெடுப்பதற்குச் சாக்கு உண்டாக்கும் முறையைப் பற்றிய நூல்களில் இது முன்னோடி. இத்தகைய நூல்கள் பெரும்பாலும் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின், ரகசிய ஆவணங்கள் வெளிவந்த பிறகு எழுதப்படுகின்றன. கோப்டன் போரின் சூடு ஆறும் முன்பே, யாரும் விலைக்கு வாங்கிப் படிக்கக்கூடிய அரசு அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினார்.

கோப்டன் மான்செஸ்டரில் துணி அச்சிடும் தொழில் நடத்தியவர். தானிய இறக்குமதி மீதான வரிச் சட்டங்களை எதிர்த்து இயக்கம் நடத்தி வென்றவர். தடையற்ற வணிகத்தின் பெரிய பிரசாரகர். இந்தியாவுக்கோ பர்மாவுக்கோ வந்தவர் அல்லர்.

கோட்டையூரும் கீழ்ப்பர்மாவும்

காரைக்குடியை ஒட்டியுள்ள கோட்டையூர் நகரத்தார் ஊர்களில் ஒன்று. கல்வி வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். அச்சு நூல்களையும் இதழ்களையும் பெருமளவில் திரட்டிய ரோஜா முத்தையாவின் ஊரும் இதுவே. அவரது சேகரிப்பே இன்று சென்னையில் உள்ள ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பெரிய வீடுகளைப் பார்க்க வருபவர்களுக்கு முதலில் காட்டப்படுவது பர்மாத் தேக்குத் தூண்கள். அந்தத் தேக்கும், அதை வாங்கிய பணத்தின் பெரும்பகுதியும், கடல் கடந்து கொண்டுவிக்கப் போனவர்களால் வந்தவை. 

செட்டிநாட்டு வரலாற்றைச் சொல்லும் கட்டுரைகளில் பர்மாப் பகுதி ஏறக்குறைய ஒரே மாதிரித் தொடங்கும். ‘1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு’ என்று ஒரு துணைவாக்கியம். அடுத்த வரியிலேயே மௌல்மீன், ரங்கூன் முகல் தெரு, கிட்டங்கிகள், நெல் வயல்களுக்குக் கொடுத்த கடன் என்று கதை ஓடத் தொடங்கிவிடும். ‘வசமானது’ என்ற அந்தச் சொல்லுக்குள் என்ன நடந்தது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. மழை பெய்தது, பயிர் விளைந்தது என்பதுபோல ஒரு நாடு கைமாறியிருக்கிறது. கோப்டனின் நூல் முழுக்க முழுக்க அந்த ஒரு துணைவாக்கியத்தைப் பற்றியது. செட்டிநாட்டு வாசகர் இதைப் படிக்க வேண்டியதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு. அந்தப் போரில் வங்காளப் படையோடு மதராஸ் ராணுவத்தின் சிப்பாய்களும் ரங்கூனுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இரண்டு கப்பல் கேப்டன்கள்

வழக்கு மிகச் சிறியது. 1851இல் ரங்கூன் துறைமுகத்துக்கு வந்த இரண்டு வணிகக் கப்பல்களின் கேப்டன்கள் ஷெப்பர்ட், லூயிஸ். தன் கப்பலுக்கு வழிகாட்ட வந்தவரைக் கடலில் தள்ளினார் என்று ஷெப்பர்ட் மீது புகார். தன் கப்பல் ஊழியர் ஒருவரின் சாவுக்குக் காரணமானவர் என்று லூயிஸ் மீது புகார். ரங்கூனின் பர்மிய ஆளுநர் இருவரையும் பிடித்து விசாரித்தார், பணம் வாங்கிக்கொண்டு விட்டார். விசாரணை நேர்மையாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. ரங்கூன் ஆளுநர்கள் கப்பல்காரர்களிடம் பணம் கறப்பது அந்நாளில் தெரிந்த விஷயம்.

கேப்டன்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் அரசு அவர்கள் கேட்ட தொகையைப் பரிசீலித்து, அதில் பாதி அளவைக் குறைத்தது. பர்மாவிடம் கேட்பதென்று முடிவான நஷ்டஈடு 1,000 பவுண்டுக்கும் குறைவு. குற்றம் சாட்டியவர்களும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தவர்களே என்பதைக் கோப்டன் சுட்டிக்காட்டுகிறார். அதாவது, ஒரு பர்மிய நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் பிரஜைகள் தங்களுக்குள் நடத்திய வழக்கு, இரு நாடுகளின் தகராறாக மாறியது.

இந்தத் தொகையைக் கேட்டு வாங்க 1851 நவம்பரில் கமடோர் ஜார்ஜ் லாம்பர்ட் ‘ஃபாக்ஸ்’ என்ற போர்க்கப்பலுடன் அனுப்பப்பட்டார். கூடவே நீராவிக் கப்பல்கள். அவருக்குத் தரப்பட்ட உத்தரவு தெளிவானது. முதலில் புகாரின் உண்மையை அங்கேயே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு ரங்கூன் ஆளுநரிடம் நஷ்டஈடு கேட்க வேண்டும். மறுத்தால் மட்டுமே ஆவா மன்னருக்கான கடிதத்தைக் கொடுக்க வேண்டும். சண்டையைத் தொடங்கக் கூடாது.

லாம்பர்ட் ரங்கூனில் இறங்கியதும் அங்கிருந்த ஆங்கில வணிகர்கள் புதிய புகார்களுடன் வந்தார்கள். அவர் முதல் இரண்டு படிகளையும் தாண்டி, மன்னருக்கான கடிதத்தை நேராக அனுப்பிவிட்டார். வாங்க வந்த பணத்தை வாங்க வேண்டியவரிடம் கேட்கவே இல்லை! கோப்டன் இந்த இடத்தில் வாசகரை நிறுத்தி, உத்தரவையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். நூலின் பலம் இந்த எளிய முறையில்தான் இருக்கிறது.

லாம்பர்ட் அரச கடற்படையின் அதிகாரி, கம்பெனியின் ஊழியர் அல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது. டல்ஹௌசி அவருக்கு வேலை கொடுக்கலாம், அவரைத் தண்டிக்க முடியாது. ஒரு போரைத் தொடங்கும் வசதி இருந்தவருக்கு அதற்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு இல்லை.

1852 ஜனவரியின் முதல் பத்து நாட்கள்

பாகன் மன்னரின் பதில் ஜனவரி முதல் நாளில் கிடைத்தது. பழைய ஆளுநர் நீக்கப்படுவார், புதியவர் வந்து விஷயத்தைத் தீர்ப்பார் என்றது பதில். அப்படியே பழையவர் போனார், புதியவர் பெரும் பரிவாரத்துடன் வந்தார். தகராறு தீர இதைவிட நல்ல அறிகுறி இருக்க முடியாது.

ஜனவரி 6 அன்று லாம்பர்ட் தன் அதிகாரிகள் சிலரைக் கடிதத்துடன் ஆளுநர் மாளிகைக்கு அனுப்பினார். அவர்கள் குதிரைகளில் வளாகத்துக்குள்ளேயே போனார்கள். பர்மிய மரியாதைப்படி அது அவமதிப்பு. ஆளுநர் தூங்குகிறார் என்று சொல்லி அவர்களை வெயிலில் நிற்கவைத்தார்கள். வந்தவர்கள் குடித்திருந்தார்கள் என்பது ஆளுநர் தரப்பின் குற்றச்சாட்டு. அவர்கள் கோபத்துடன் கப்பலுக்குத் திரும்பினார்கள்.

வெயிலில் சிறிது நேரம் நின்றதற்கான பதிலடி அன்றே தொடங்கியது. ஆங்கிலேயர்கள் அனைவரும் கப்பலில் ஏறும்படி அறிவிப்பு வந்தது. துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. துறையில் நின்ற பர்மிய மன்னரின் சொந்தக் கப்பலை லாம்பர்ட் பிடித்துக்கொண்டார். கப்பலைப் பிடிக்க அவருக்குத் தரப்பட்ட உத்தரவில் இடமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்நூலின் மையம். மன்னரின் கப்பலை ஆற்றின் வழியே கோட்டைக் காவலர்களின் கண்முன்னே இழுத்துச் செல்ல விட்டால் எங்கள் தலை போய்விடும், அதனால் சுட வேண்டிவரும் என்று பர்மிய அதிகாரிகள் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள். லாம்பர்ட்டுக்கு அது தெரியும். ஜனவரி 10 அன்று கப்பல் இழுத்துச் செல்லப்பட்டது. கரையிலிருந்த மர அரண்களிலிருந்து சுட்டார்கள். ஃபாக்ஸ் பதிலுக்குச் சுட்டது. பர்மியர் தரப்பில் ஏறத்தாழ 300 பேர் இறந்திருக்கலாம் என்று ஆங்கிலேயரின் அறிக்கையே மதிப்பிட்டது.

‘பிரிட்டிஷ் கொடியின் மீது பர்மியர்கள் சுட்டார்கள்.’ இது பொய்யல்ல. ஆனால் இந்த வாக்கியத்தை மட்டும் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோனால் போர் தயார்.

டல்ஹௌசி தனிக்கடிதத்தில் லாம்பர்ட்டைக் கடிந்துகொண்டார். இத்தகைய கமடோர்கள் பேச்சுவார்த்தைக்கு லாயக்கில்லாத அளவுக்குச் சட்டென்று தீப்பற்றிக்கொள்பவர்கள் என்ற பொருளில் எழுதினார். அதோடு சரி. பிப்ரவரியில் அவர் விடுத்த இறுதி எச்சரிக்கையில் நஷ்டஈடு பத்து லட்சம் ரூபாய் ஆகிவிட்டது, அதாவது 1,00,000 பவுண்டு. தொடக்கத் தொகையைப்போல நூறு மடங்கு. கெடு ஏப்ரல் 1. ஏப்ரல் 5 அன்று மார்த்தபான் வீழ்ந்தது, 14 அன்று ரங்கூனின் ஷ்வேதகோன் பகோடா. டிசம்பர் 20 தேதியிட்ட பிரகடனத்தின் மூலம் பெகு மாகாணம் இந்தியப் பேரரசோடு சேர்க்கப்பட்டது. பர்மிய மன்னர் எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. கேப்டன் ஷெப்பர்டையும் கேப்டன் லூயிஸையும் அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

நாடகத் தாக்குதலும் வரவழைத்த தாக்குதலும்

போருக்கான சாக்கு என்றதும் இருபதாம் நூற்றாண்டின் சில சம்பவங்கள் நினைவுக்கு வரும். 1931 செப்டம்பர் 18 அன்று ஜப்பானிய ராணுவத்தினர் மஞ்சூரியாவின் முக்டன் அருகே தங்கள் பொறுப்பிலிருந்த ரயில் பாதையில் தாங்களே வெடிவைத்தார்கள். பாதைக்கு ஏற்பட்ட சேதம் மிகக் குறைவு, சிறிது நேரத்தில் ஒரு ரயில் அதன் மீதே போய்விட்டது. பழி சீனர்கள் மீது விழுந்தது, மஞ்சூரியா பறிபோனது. 1939 ஆகஸ்ட் 31 இரவு ஜெர்மானிய எஸ்.எஸ். ஆட்கள் போலந்துக்காரர்கள்போல நடித்து கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தைத் தாக்கினார்கள். மறுநாள் போலந்து மீது படையெடுப்பு. இவை முழு நாடகங்கள். வேடம், மேடைப்பொருள், பிணம்கூட ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

இவற்றில் ஒரு வசதி உண்டு. நாடகம் என்று நிரூபித்துவிட்டால் சாக்கு உடைந்துவிடும். 1964 ஆகஸ்ட் 4 அன்று டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது நடந்ததாகச் சொல்லப்பட்ட தாக்குதல் நடக்கவே இல்லை என்பதை, 2005இல் வெளியான அமெரிக்க உளவுத்துறையின் சொந்த ஆய்வே காட்டியது. நாற்பது ஆண்டு தாமதம் என்றாலும் அது ஒரு முடிவான விடை.

ரங்கூனில் அப்படி எதுவும் கிடைக்காது. யாரும் வேடம் போடவில்லை. சுட்டவர்கள் உண்மையாகவே பர்மியர்கள். துப்பறிபவர் எத்தனை முறை தேடினாலும் ‘யார் முதலில் சுட்டார்கள்?’ என்ற கேள்விக்கு லாம்பர்ட்டுக்குச் சாதகமான விடைதான் வரும். கோப்டனின் பெரிய பங்களிப்பு, அந்தக் கேள்வியையே ஒதுக்கிவைத்தது. அவர் கேட்பது வேறு. எதிராளிக்குச் சுடுவதைத் தவிர வேறு வழி இல்லாத நிலைமையை உண்டாக்கியவர் யார்? அது உண்டாக்கப்பட்ட நாட்களில் அசல் புகார் எங்கே போயிருந்தது? இந்தக் கேள்விகளுக்கு ரகசிய ஆவணம் தேவையில்லை, தேதிவாரியாக அடுக்கிய கடிதங்கள் போதும். ரங்கூனுக்குப் பதிலாக ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் இதே சம்பவம் நடந்திருந்தால் நம் கமடோர் இப்படி நடந்திருப்பாரா என்று அவர் கேட்கும் இடம், நூலிலேயே கூர்மையானது. பலமான நாட்டின் துறைமுகத்தில் தூங்கும் ஆளுநரை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு இந்த முறை முற்றிலும் புதிதல்ல. ஊமைத்துரைக்குச் சிறுவயலில் அடைக்கலம் கொடுத்தது 1801இல் மருது சகோதரர்கள் மீதான போருக்குச் சொல்லப்பட்ட காரணம். சிறுவயல் கோட்டையூருக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆனால் அங்கே நாடகமோ தூண்டுதலோ தேவைப்படவில்லை, பகையும் அடைக்கலமும் வெளிப்படையானவை. பர்மா விவகாரத்தில் நேர் எதிராக, மறுதரப்பு சமாதானத்துக்கு இறங்கி வந்த வாரத்திலேயே போர் மூட்டப்பட்டது.

நூலின் குறைகள்

கோப்டனின் தலைப்பு உள்ளடக்கத்தைவிடப் பெரியது. ‘மூட்டப்பட்டது’ என்றால் திட்டமிட்டவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் அடுக்கும் கடிதங்களில் தெரிவதோ ஒரு கோபக்காரக் கடற்படை அதிகாரி, அவரை விட்டுக்கொடுத்தால் கௌரவம் போய்விடும் என்று அஞ்சிய ஒரு கவர்னர் ஜெனரல், ஆதாயத்துக்குக் காத்திருந்த ரங்கூன் வணிகர்கள். டல்ஹௌசியின் பர்மாக் கடிதங்களைப் பதிப்பித்த டி.ஜி.இ. ஹால், அவர் போரை விரும்பவில்லை என்றும் லாம்பர்ட்டால் அதற்குள் இழுக்கப்பட்டார் என்றும் வாதிட்டார். அது டல்ஹௌசியை ஓரளவு காப்பாற்றும் வாதம். விரும்பாத போரில் கிடைத்த மாகாணத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லையே என்ற கேள்வி அங்கே பதிலின்றி நிற்கிறது. இருந்தாலும், சதி இல்லாமலும் சாக்கு உருவாகும் என்பதைக் கோப்டன் போதிய அளவு யோசிக்கவில்லை. அதை யோசித்திருந்தால் நூல் இன்னும் அச்சமூட்டுவதாக இருந்திருக்கும்.

இரண்டாவது, பர்மியர்கள் இந்த நூலில் பொறுமையே உருவானவர்கள். பழைய ஆளுநரின் பணப்பறிப்பு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. மன்னரின் அரசவையில் என்ன பேசினார்கள், புதிய ஆளுநர் ஏன் அத்தனை ஆட்களுடன் வந்தார் என்பதெல்லாம் தெரிவதில்லை. கோப்டனுக்குக் கிடைத்த பர்மியக் குரல்கள் எல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் வழியே ஆங்கில அரசின் கோப்புக்குள் வந்தவை. இந்தக் குறையை 1979இல் வெளிவந்த ஆலிவர் பொல்லாக்கின் ஆய்வு நூலோடு சேர்த்து வாசித்து ஈடுசெய்யலாம்.

இவற்றைவிட முக்கியமானது, அவருடைய கண்ணோட்டத்தின் எல்லை. இந்தப் போரின் செலவு இந்தியர்கள் கட்டும் வரியிலிருந்து போகிறது என்று அவர் சொல்வது நேர்மையானது, அன்றைய லண்டனில் அரிதானதும்கூட. ஆனால் போர் கெட்டது என்பதற்கு அவர் தரும் வலுவான காரணங்களில் ஒன்று, அது நஷ்டம் என்பது. பிடித்த நாடு செலவுக்குக் கட்டாது என்பது அவர் கணக்கு.

கட்டுபடியான கணக்கு

அந்தக் கணக்கு தவறியது. தவறச் செய்தவற்றில் கோட்டையூர் போன்ற ஊர்களின் பணமும் ஒன்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை கிடைத்தது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் வயலாகின. காட்டை வெட்டிய பர்மியக் குடியானவருக்கு வெள்ளைக்காரர் வங்கிகள் கடன் கொடுக்கவில்லை, நகரத்தார் பெட்டியடிகள் கொடுத்தன. 1930 வாக்கில் பர்மாவில் இருந்த செட்டியார் நிறுவனங்கள் 1,600க்கும் மேல். கோப்டன் நஷ்டம் என்று எழுதிய மாகாணம் பேரரசின் நெற்களஞ்சியமானது.

இடையில் சாக்கு இன்னொரு முறையும் பயன்பட்டது, இந்த முறை தேக்கின் பேரில். வெட்டிய மரங்களைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாகப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு மாண்டலே அரசவை 1885இல் அபராதம் விதித்தது. அந்தக் கம்பெனியின் வழக்கு, பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிய பயத்தோடு சேர்ந்து, மூன்றாம் போரானது. நவம்பர் 28 அன்று மாண்டலே வீழ்ந்தது. திபா மன்னர் ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். 1886 ஜனவரி 1 முதல் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல எழும்பிய காலம் இதற்குப் பிந்தையது.

நகரத்தார் இந்தப் போர்களை மூட்டியவர்கள் அல்லர், 1852இல் ரங்கூன் துறையில் அவர்களுக்குக் குரலும் இல்லை. ஆனால் பர்மியர் அந்த வேறுபாட்டைப் பார்க்கும் நிலையில் இல்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் கட்ட முடியாமல் போன வயல்கள் கைமாறி, 1938இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் ஓடிவந்தார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. இந்த இழப்பு செட்டிநாட்டில் இன்றும் மனக்குறையாகப் பேசப்படுகிறது. நட்டஈடு கிடைக்கவில்லை என்ற அந்தப் பேச்சு பெரும்பாலும் 1942இலோ 1948இலோ தொடங்கும். ஒரு நட்டஈட்டுக் கோரிக்கையில்தான் கதையே தொடங்கியது என்பது அதில் வருவதில்லை.

கோப்டனின் சிறுநூல் 1867இல் வெளிவந்த அவருடைய அரசியல் எழுத்துகளின் தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. ஒரே மாலையில் படித்துவிடக்கூடிய அளவுதான். முதல் முறை படிக்கும் மாணவர்கள் லாம்பர்ட்டுக்குத் தரப்பட்ட உத்தரவை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ஜனவரி 1 முதல் 10 வரையான கடிதங்களைத் தேதி பார்த்துப் படிப்பது நல்லது. கோப்டனின் கிண்டல்களை அடுத்த வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.